மண்ணுக்குள் முதிர்ந்த தேறல்: மேலூர்ச் சமவெளியின் மது மரபும் நிலவறை அறிவியலும்

திராட்சை மதுவைப் பல ஆண்டுகள் முதிரவிடும் பழக்கம் நிலவறைகளோடு சேர்ந்தே வளர்ந்தது. பிரான்சின் ரைம்ஸ் நகரத்துக்கு அடியில், மென்மையான வெண்சுண்ணப் பாறையில், ரோமானியர் காலத்திலேயே கட்டடக்கல் எடுக்கத் தோண்டிய குழிகள் உள்ளன. பல நூற்றாண்டுகள் வெறுமனே கிடந்த அந்தக் குழிகளை 18ஆம் நூற்றாண்டு முதல் ஷாம்பெயின் வணிகர்கள் மதுக்கிடங்குகளாக மாற்றினார்கள். அவற்றையும் சூழ்ந்துள்ள திராட்சைச் சரிவுகளையும் 2015இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்றது. மால்டோவா நாட்டின் மிலெஷ்தி மிச் கிடங்கும் பழைய சுண்ணாம்புக்கல் சுரங்கம்தான். அதன் சுரங்கப் பாதைகளின் மொத்த நீளம் ஏறத்தாழ 200 கிலோமீட்டர். ரைம்ஸில் வெப்பநிலை 10 முதல் 12 டிகிரி செல்சியஸ், மால்டோவாவில் 12 முதல் 14. கோடையிலும் பனிக்காலத்திலும் இதில் பெரிய மாற்றம் இல்லை. இவற்றில் எதையும் குளிர்விக்க ஆதியில் எந்த இயந்திரமும் இருந்ததில்லை. தோண்டியது மட்டுமே மனித வேலை. குளிர்ச்சியை அந்த ஊர்களின் மண் தந்தது.

மதுரைக்கு வடகிழக்கே, திருச்சி சாலையில் உள்ள மேலூர்ப் பகுதியில் அப்படி ஒரு நிலவறை எந்தக் காலத்திலும் உருவானதில்லை. மது குடிக்கும் வழக்கம் இங்கே இல்லாமலில்லை. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பாடல்கள் இந்த வட்டாரத்தின் மதுவைப் பல இடங்களில் பேசுகின்றன. நிலவறை வராததற்குக் காரணம் இந்த மண்ணின் வெப்பம். அந்த வெப்பத்தைக் கணக்கில் எடுத்தால், இங்கே மது ஏன் அன்றன்றைக்கே குடிக்கப்பட்டது, சிலவகை மது ஏன் மண்ணில் புதைக்கப்பட்டது, கடல்கடந்து வந்த மது எப்படிக் கெடாமல் வந்தது என்பவையெல்லாம் ஒரே கணக்கின் விடைகளாகத் தெரியும்.

நிலத்தின் மேற்பரப்பு பகலில் சூடேறி இரவில் ஆறுகிறது. இந்த ஏற்ற இறக்கம் ஓர் அலைபோல மண்ணுக்குள் இறங்குகிறது. இறங்க இறங்க வலுவிழக்கிறது. பகல் இரவு வேறுபாடு அரை மீட்டர் ஆழத்துக்குள் ஏறக்குறைய முழுவதும் மறைந்துவிடும். ஆண்டு முழுவதற்குமான கோடை, குளிர்கால அலை மெதுவாக மாறுவது என்பதால் இன்னும் ஆழமாக இறங்கும். ஈரமான மண்ணிலும் பாறையிலும் மூன்று மீட்டரில் அதன் வீச்சில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் எஞ்சியிருக்கும். பத்து மீட்டரில் இருபதில் ஒரு பங்குதான் மிஞ்சும். அலை இறங்க நேரமும் பிடிக்கும். மே மாத வெயிலின் உச்சம் மூன்று மீட்டர் ஆழத்தை எட்டுவதற்கு ஜூலை ஆகிவிடுகிறது. பத்து மீட்டரில் அது ஏறக்குறைய ஆறு மாதம் பிந்தி, மேலே குளிர்காலம் நடக்கும்போது கீழே போய்ச் சேர்கிறது. அதற்கும் கீழே பருவம் என்பதே கிடையாது. அங்கே நிலவும் வெப்பநிலை, அந்த ஊரின் ஆண்டுச் சராசரி வெப்பநிலைக்கு மிக அருகில் இருக்கும்.

ரைம்ஸின் ஆண்டுச் சராசரி பத்து, பதினொரு டிகிரி என்பதால் அதன் நிலவறையும் அதே அளவில் நிற்கிறது. மதுரைச் சமவெளியின் ஆண்டுச் சராசரி 28 முதல் 29 டிகிரி. மேலூரில் எவ்வளவு ஆழமாகத் தோண்டினாலும் கிடைப்பது அந்த 29 டிகிரிதான். சித்திரை வெயிலில் கிணற்றுக்குள் இறங்குபவருக்குக் குளிர்ச்சியாகத் தோன்றுவதற்குக் காரணம் வெளியே 39, 40 டிகிரி இருப்பது. மார்கழி விடியற்காலையில் அதே கிணற்று நீர் வெதுவெதுப்பாக இருக்கும். நீர் மாறவில்லை, வெளிக்காற்றுதான் மாறியிருக்கிறது.

பாறையின் தன்மையும் இங்கே நிலவறைக்குச் சாதகமாக இல்லை. சுண்ணாம்புக்கல்லை மழைநீர் கரைத்து நீண்ட குகைகளை உருவாக்கும். மனிதரும் அதைச் சிரமமின்றி வெட்டலாம். மேலூரைச் சுற்றியுள்ள குன்றுகள் கிரானைட்டும் நைஸ் வகைப் பாறைகளும் ஆனவை. இவை நீரில் கரையாதவை. வெயிலில் விரிந்து, குளிரில் சுருங்கி, ஏடு ஏடாகப் பிளந்து விழும்போது பாறைக்கு அடியில் தாழ்வாரம் போன்ற ஒதுக்கிடங்கள் உண்டாகும், அவ்வளவுதான். மாங்குளம், அரிட்டாபட்டி, கீழவளவு, கருங்காலக்குடி, அழகர்மலை ஆகிய இடங்களில் சமண முனிவர்களுக்குக் கற்படுக்கைகள் வெட்டப்பட்டது இத்தகைய ஒதுக்கிடங்களில்தான். முன்புறம் திறந்திருப்பதால் காற்று தாராளமாக வந்துபோகிறது. முனிவர் தங்குவதற்கு நல்ல இடம். மதுச்சாடிக்கு ஏற்ற இடமில்லை.

29 டிகிரி என்பது நுண்ணுயிர்களுக்கு மிகவும் பிடித்த வெப்பம். சர்க்கரையை ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் உடைக்கும் ஈஸ்ட் 25 முதல் 32 டிகிரிக்குள் மிக வேகமாக வேலை செய்யும். அப்படி உருவான ஆல்கஹாலைக் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்த்துக் காடியாக்கும் அசிட்டோபாக்டர் பாக்டீரியாக்களும் அதே வெப்பத்தில்தான் செழிக்கின்றன. வேதிவினைகளின் வேகம் பத்து டிகிரி உயர்வுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்காகும் என்ற பொதுவான கணக்கின்படி, 12 டிகிரி நிலவறையில் மூன்று ஆண்டில் நடக்கும் மாற்றம் மேலூர் மண்ணில் ஓராண்டில் நடந்துவிடும். வேகமாக முதிர்வது நல்லதுதானே என்று கேட்கலாம். மதுவில் நடக்கும் வினைகள் பல. எல்லாம் ஒரே விகிதத்தில் வேகமெடுப்பதில்லை. சூட்டில் ஆக்சிஜனேற்றம் முந்திக்கொள்கிறது. மணம் தரும் எஸ்டர்கள் சிதைகின்றன. முதிர்ந்த சுவை வருவதற்குள் மது கெட்டுவிடும்.

இந்தச் சூட்டுக்கு மிகப் பொருத்தமான மது கள். பனையின் பாளையைச் சீவிக் கலயத்தில் இறங்கும் சாற்றில் சர்க்கரை 10 முதல் 15 விழுக்காடு. அது கலயத்தில் சொட்டத் தொடங்கும்போதே நொதித்தலும் தொடங்கிவிடுகிறது. முதலில் லாக்டிக் அமிலப் பாக்டீரியாக்கள் சாற்றைச் சற்றே புளிக்கச் செய்கின்றன. அடுத்து ஈஸ்ட்டும், சைமோமோனாஸ் மொபிலிஸ் என்ற பாக்டீரியாவும் சர்க்கரையை ஆல்கஹாலாக்குகின்றன. கள்ளைப் பற்றிய அறிவியலில் இந்தச் சைமோமோனாஸ் தனிக் கவனத்துக்குரியது. ஈஸ்ட்டைவிடக் குறைந்த உடல் எடையைப் பெருக்கிக்கொண்டு அதிக ஆல்கஹாலைத் தருவதால், எரிபொருள் எத்தனால் ஆய்வாளர்கள் அதை இன்றும் பயன்படுத்துகிறார்கள். ஒரு நாளில் கள்ளின் ஆல்கஹால் நான்கு, ஐந்து விழுக்காட்டை எட்டும். அடுத்த சில நாளில் அசிட்டிக் பாக்டீரியாக்கள் அதைக் காடியாக்கிவிடும். ஆக, கள்ளின் வாழ்நாள் ஒன்றிரண்டு பகல்தான். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் சாறு காரத்தன்மை அடைந்து இந்த நுண்ணுயிர்கள் அனைத்தும் முடங்கும், கிடைப்பது பதநீர். நுண்ணுயிர் என்ற ஒன்று இருப்பதையே அறியாத காலத்தில் பனையேறிகள் கண்டறிந்த கட்டுப்பாடு இது.

தானியத்திலிருந்து மது செய்யும் முறையும் அவசரத்துக்கு ஏற்றதாகவே இருந்தது. தொண்டை நாட்டை ஆண்ட இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படை, அரிசி மது செய்யும் விதத்தைச் சமையற்குறிப்பின் துல்லியத்தோடு சொல்கிறது. குற்றாத அரிசியைக் குழையக் கூழாகக் காய்ச்சி, அகன்ற வாயுள்ள தட்டில் ஊற்றி ஆற்றி, அதில் முளையை இடித்துக் கலந்து, உறுதியான வாயுடைய சாடியில் இரண்டு பகலும் இரண்டு இரவும் வைத்து, பின்பு விரலால் அலைத்துப் பிழிந்தெடுப்பார்கள். ஒவ்வொரு படிக்கும் வேதியியல் காரணம் உண்டு. அரிசியில் இருப்பது மாவுச்சத்து. ஈஸ்ட்டால் அதை நேராக உண்ண முடியாது. கூழாகக் காய்ச்சும்போது மாவுச்சத்தின் இறுகிய மணிகள் நீரை உறிஞ்சி விரிகின்றன. முளைவிட்ட தானியத்தில் அமைலேஸ் என்ற நொதி சுரந்திருக்கும். அது மாவுச்சத்துச் சங்கிலிகளை வெட்டிச் சர்க்கரையாக்கும். கொதிக்கும் கூழில் முளையைப் போட்டால் சூட்டில் நொதி சிதைந்துவிடும் என்பதால்தான் ஆற்றுதல். ஐரோப்பியப் பீர் ஆலைகளில் முளைகட்டிய பார்லியைக் கொண்டு செய்வதும் இதே வேலைதான். கலந்த பொருளைப் பாடல் புற்றுக்குள் இருக்கும் குரும்பியோடு ஒப்பிடுகிறது. உரைகாரர்கள் முளை என்றே பொருள் கொண்டாலும், குரும்பி என்பது கறையான் வளர்க்கும் பூஞ்சைப் படுகை என்பதை நினைத்தால், பூஞ்சை படர்ந்த மாவுக்கட்டியாக அது இருந்திருக்கவும் இடமுண்டு. வடகிழக்கு இந்தியாவிலும் கிழக்காசியாவிலும் அரிசி மதுவுக்கு இன்றும் அத்தகைய கட்டிகளே பயன்படுகின்றன. எப்படியானாலும் இரண்டு நாளில் வேலை முடிகிறது. அதே அரிசியிலிருந்து ஜப்பானியர் சாக்கே வடிக்கக் குளிர்காலத்தைத் தேர்ந்தெடுத்து வாரக்கணக்கில் காத்திருப்பார்கள்.

மதுரை நகரில் மது விற்ற இடங்களில் கொடி பறந்ததை மதுரைக்காஞ்சி பதிவு செய்கிறது. அன்றன்றைக்குச் செய்து அன்றே விற்றுத் தீர்க்க வேண்டிய சரக்குக்கு, இன்று புதிது வந்திருக்கிறது என்று தூரத்திலிருந்தே தெரிவிக்கும் அடையாளம் தேவைதானே.

இந்தப் பொது வழக்கிலிருந்து விலகி நிற்பது பறம்பு. மேலூருக்கு வடக்கே, கொட்டாம்பட்டிக்கும் சிங்கம்புணரிக்கும் அருகில் உள்ள பிரான்மலையே பாரி என்ற சிற்றரசன் ஆண்ட பறம்பு என்று பொதுவாகக் கருதப்படுகிறது. பாரியின் நண்பரான கபிலர் பாடிய புறநானூற்று 120ஆம் பாடல், அவனுடைய நாட்டில் நிலத்தில் புதைத்து முதிரவைத்த தேறல் புல்வேய்ந்த குடிசைதோறும் கொடுக்கப்பட்டதைச் சொல்கிறது. மதுரைச் சமவெளியை ஒட்டி நிலவறைக்கு மிக நெருங்கிய ஒன்றைத் தேடினால் கிடைக்கும் சான்று இதுதான். அறை இல்லை, படிக்கட்டு இல்லை. மண்ணும் சாடியும் மட்டும்.

புதைப்பதால் என்ன கிடைத்தது? முன்பு சொன்ன கணக்கின்படி, ஒரு மீட்டர் ஆழத்தில் சாடி இருந்தால் பகல் இரவு மாற்றம் அதை எட்டாது. சராசரி வெப்பம் குறையாவிட்டாலும் ஏற்ற இறக்கம் நின்றுவிடும். மேலே வைத்த சாடி பகலில் சூடாகி விரிந்து, உள்ளிருக்கும் வாயுவை மூடியின் இடுக்கு வழியே வெளியே தள்ளும். இரவில் ஆறிச் சுருங்கி வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். இப்படித் தினமும் ஒருமுறை ஆக்சிஜன் புகுந்தால் காடியாவது உறுதி. புதைத்த சாடியில் இந்த மூச்சு நிற்கிறது. இரண்டாவது நன்மை, நொதித்தலின்போது வரும் சூட்டை மண் உறிஞ்சிக்கொள்வது. லிட்டருக்கு 200 கிராம் சர்க்கரை உள்ள சாறு முழுவதும் நொதித்தால், வெப்பம் வெளியேற வழியில்லாதபோது அதன் வெப்பநிலை ஏறத்தாழ 25 டிகிரி உயரும். 35 டிகிரியைத் தாண்டினாலே ஈஸ்ட் தடுமாறத் தொடங்கும். ஈர மண் சூழ்ந்த சாடியில் அந்தச் சூடு சுவர் வழியே கசிந்து போய்விடும். மூன்றாவது, சுட்டமண் சுவரின் நுண்துளைகள். காற்றில் வைத்த பானை அவற்றின் வழியே ஆவியை இழந்து காற்றை ஏற்கும். ஈரமண்ணில் புதைந்த பானையின் துளைகளில் நீர் நிரம்பியிருக்கும். ஆக்சிஜன் காற்றில் பரவுவதைவிட நீரில் பல்லாயிரம் மடங்கு மெதுவாகவே பரவும்.

பறம்பின் தேறல் எதனால் ஆனது என்று அந்தப் பாடல் சொல்வதில்லை. ஆனால் கபிலரின் வேறொரு பாடல், உழவர் உழாமலே பறம்பு தரும் நான்கு விளைவுகளில் ஒன்றாகத் தேனைச் சேர்க்கிறது. மற்றவை மூங்கில் நெல், பலா, வள்ளிக்கிழங்கு. தேனில் சர்க்கரை எண்பது விழுக்காடு. நீர் சேர்த்து நீர்க்கச் செய்தால் நொதிக்கும். ஆனால் ஈஸ்ட் வளரத் தேவையான நைட்ரஜன் தேனில் மிகக் குறைவு. அதனால் தேன்மது கள்ளைப்போல ஒரே நாளில் முடியாது, வாரக்கணக்கில் இழுக்கும். கள்ளைப் புதைத்து வைப்பதில் பொருளில்லை, காடிதான் கிடைக்கும். மெதுவாக நொதிக்கும் தேன்மதுவுக்குப் புதைகுழி மிகவும் பொருந்தும். புதைத்த காலமும் 29 டிகிரி மண்ணில் சில வாரங்கள், மிஞ்சினால் சில மாதங்களாகவே இருந்திருக்க முடியும். ஆண்டுக்கணக்கில் என்று நினைக்க வேதியியல் இடம் தரவில்லை.

மலைவாழ் மக்களின் இன்னொரு கலம் மூங்கில். குறவர்கள் மூங்கிற்குழாயில் முதிரவிட்ட தேறலைத் திருமுருகாற்றுப்படை முதலிய நூல்கள் குறிப்பிடுகின்றன. இரண்டு கணுக்களுக்கு நடுவே உள்ள குழாய் இயற்கையாகவே அடைபட்ட கலம். புறத்தோலில் சிலிக்கா படிந்திருப்பதால் நீர் எளிதில் கசியாது. அளவு சிறியது என்பதும் நன்மையே: கலம் சிறிதானால் கொள்ளளவோடு ஒப்பிட மேற்பரப்பு அதிகம், நொதித்தல் சூடு விரைவில் வெளியேறும்.

மண்ணில் சாடி புதைக்கும் முறையைத் தமிழகம் மட்டும் கண்டதில்லை. ஜார்ஜியாவில் குவெவ்ரி என்ற முட்டைவடிவச் சாடிகளைக் கழுத்துவரை புதைத்து இன்றும் திராட்சை மது செய்கிறார்கள். இந்த முறை 2013இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தது. அந்த நாட்டின் கதாச்ரிலி கோரா, ஷுலாவேரிஸ் கோரா ஆகிய புதிய கற்கால ஊர்களில் கிடைத்த ஓடுகளில் எட்டாயிரம் ஆண்டுப் பழைமையுள்ள மதுவின் எச்சம் இருப்பதாக 2017இல் அறிவிக்கப்பட்டது. வெசுவியஸ் எரிமலைச் சாம்பலில் கி.பி. 79இல் புதைந்த பண்ணை வீடுகளுள் ஒன்றான வில்லா ரெஜினாவில், மண்ணில் பதித்த 18 பெருஞ்சாடிகள் அப்படியே உள்ளன. அவற்றின் மொத்தக் கொள்ளளவு ஏறத்தாழ 10,000 லிட்டர். பறம்பின் குறவர் சாடியும் கம்பானியாவின் ரோமானியச் சாடியும் ஒரே காரணத்துக்காகவே மண்ணுக்குள் போயின. இத்தாலிய மண் பத்துப் பன்னிரண்டு டிகிரி குளிர்ச்சியானது என்பதால் அங்கே ஒரு பருவம் முழுவதும் வைக்க முடிந்தது.

அந்த இத்தாலிய மது மதுரைக்கும் வந்தது. பாண்டியன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறனை நக்கீரர் பாடிய புறநானூற்று 56ஆம் பாடலில், யவனர் நல்ல கலங்களில் கொண்டுவந்த குளிர்ந்த நறுமணத் தேறலைப் பெண்கள் பொற்கிண்ணத்தில் ஏந்தித் தர அரசன் அருந்துவான். கி.பி. முதல் நூற்றாண்டில் எகிப்தைச் சேர்ந்த கிரேக்க வணிகர் ஒருவர் எழுதிய பெரிப்ளஸ் என்ற கடல்வழிக் குறிப்பிலும் மேலைக்கடற்கரைத் துறைகளுக்கு மது இறக்குமதியானதாக உள்ளது. பரூச் துறையில் இத்தாலிய மதுவுக்குத் தனி விருப்பம் இருந்ததாம்; முசிறிப் பக்கம் வந்த அளவு அதிகமில்லை. பாண்டிய நாட்டில் வைகை கடலில் கலக்கும் இடத்துக்கு அருகே உள்ள அழகன்குளத்தில் தமிழகத் தொல்லியல் துறை நடத்திய அகழாய்வுகளில் ரோமானியக் காசுகளோடு ஆம்போரா என்ற மதுச்சாடியின் உடைந்த ஓடுகளும் கிடைத்தன. புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலரும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் தோண்டியபோது இத்தகைய ஓடுகள் நிறையக் கிடைத்தன.

அந்த மது கடந்து வந்த பாதை எந்த நிலவறைக்காரரையும் பதறவைக்கும். அலெக்சாந்திரியாவிலிருந்து நைல் ஆற்றில் தெற்கே ஏறி, கோப்டஸில் ஒட்டகத்துக்கு மாறி, பன்னிரண்டு நாள் பாலைவனத்தைத் தாண்டிப் பெரனிகே துறைமுகம் சேர வேண்டும். கப்பல் புறப்படுவதோ ஆடி மாத வெயிலில், தென்மேற்குப் பருவக்காற்றைப் பிடிப்பதற்காக. செங்கடல் முனையிலிருந்து முசிறிக்கு நாற்பது நாள் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார். இத்தனை சூட்டிலும் மது காடியாகாமல் வந்ததற்கு, சாடியே நடமாடும் நிலவறையாக வடிவமைக்கப்பட்டிருந்ததுதான் காரணம். ஓர் ஆம்போராவின் கொள்ளளவு சுமார் 26 லிட்டர். தடித்த சுட்டமண் சுவரின் உட்புறம் பைன் மரப் பிசினைக் காய்ச்சிப் பூசியிருப்பார்கள். அது நுண்துளைகளை அடைப்பதோடு நுண்ணுயிர்களையும் ஓரளவு தடுக்கும். குறுகிய கழுத்துவரை மதுவை நிரப்பினால் காற்றுக்கு இடமே இராது. மேலே கார்க் அல்லது சுட்டமண் வில்லை, அதற்கும் மேல் சாந்துப் பூச்சு.

மதுவிலும் பாதுகாப்பு இருந்தது. ஈஜியன் கடலின் கோஸ் தீவு மதுவில் கடல்நீரைக் கலப்பது வழக்கம். அதைப் போலச் செய்வதற்கான செய்முறையை ரோமானிய எழுத்தாளர் கேட்டோ தன் வேளாண் நூலில் தந்திருக்கிறார். உப்பு நுண்ணுயிர்களின் வேகத்தைக் குறைத்தது. கெட்டியாகக் காய்ச்சிய திராட்சைச் சாற்றைச் சேர்ப்பதும் இதே நோக்கத்துக்குத்தான். இந்தியாவில் கிடைத்த ஆம்போரா ஓடுகளில் கணிசமானவை கோஸ் வகையோ அதன் இத்தாலியப் போலியோ ஆகும். இரண்டு உருளைகளை ஒட்டவைத்தது போன்ற இரட்டைக் கைப்பிடியைக் கொண்டு ஆய்வாளர்கள் அவற்றை அடையாளம் காண்கிறார்கள். இன்றைய நாவுக்கு அந்த மது உப்பும் பிசின் வாடையும் கலந்த விசித்திரமான பானமாகவே இருக்கும். பாண்டியன் அவையில் அது குளிர்ந்திருந்ததற்கும் நிலவறை தேவைப்பட்டிருக்காது. 36 டிகிரி வெயிலில் காற்று உலர்ந்திருந்தால், ஈரத்துணி சுற்றிய கலம் நீர் ஆவியாவதால் மட்டுமே பத்து டிகிரிவரை குளிரும்.

அழகர்மலைக் குகைத்தளத்தில் ஏறத்தாழ அதே காலத்துத் தமிழ் பிராமிக் கல்வெட்டுகள், முனிவர்களுக்குக் கொடை தந்த மதுரை வணிகர்களைத் தொழிலோடு பட்டியலிடுகின்றன: உப்பு வணிகர், துணி விற்ற அறுவை வணிகர், ஏர்க்கொழு விற்ற கொழு வணிகர், பாணிதம் எனும் வெல்லப்பாகு விற்ற வணிகர். மது வணிகர் என்று யாரும் அங்கே குறிக்கப்படவில்லை. சமணத் துறவிகளுக்கான கொடை என்பதால் அது வியப்புக்குரியதும் இல்லை.

உடைந்த ஓட்டில் மது இருந்ததா என்பதை அறிய, களிமண்ணின் நுண்துளைகளில் ஒட்டியிருக்கும் மூலக்கூறுகளைக் கரைப்பானில் கரைத்து நிறமாலைமானியில் ஆராய்வார்கள். திராட்சை மதுவுக்கு முதல் அடையாளம் டார்டாரிக் அமிலம். உலகின் பெரும்பாலான பழங்களில் அது இவ்வளவு இருப்பதில்லை. செம்மதுவுக்குக் கூடுதல் அடையாளம் சிரிஞ்சிக் அமிலம். சிவப்பு நிறமியான மால்விடின் சிதையும்போது அது உண்டாகிறது. ஸ்பெயினின் கார்மோனா நகரில் 2019இல் கண்டெடுத்த ரோமானியக் கல்லறைக் கலசத்தில் ஐந்து லிட்டர் அளவில் திரவம் இருந்தது. அதன் பாலிஃபீனால்களும், சிரிஞ்சிக் அமிலம் இல்லாமையும் அது ஈராயிரம் ஆண்டுப் பழைய வெண்மது என்று காட்டியதாக 2024இல் ஆய்வு வெளியானது.

தமிழகத்தில் இந்தச் சோதனைக்கு ஒரு சிக்கல் உண்டு: புளி. புளியம்பழச் சதையில் டார்டாரிக் அமிலம் பத்து விழுக்காட்டுக்கும் மேல் இருக்கக்கூடும். ஐரோப்பாவில் டார்டாரிக் அமிலம் கிடைத்தால் திராட்சை என்று ஏறக்குறையத் துணியலாம். மதுரை வட்டாரத்துப் பானையில் கிடைத்தால் அது பழைய குழம்புச் சட்டியாகவும் இருக்கலாம். ஆகவே இங்கே பிசின்தான் நம்பகமான சாட்சி. பைன் பிசின் காலப்போக்கில் டீஹைட்ரோஅபியெடிக் அமிலமாக மாறும். தென்னிந்தியச் சமவெளியில் பைன் மரம் இல்லை. இங்கே கிடைக்கும் குங்கிலிய வகைப் பிசின்கள் வேதியியலில் வேறு குடும்பம். பைன் எச்சமுள்ள ஓடு கடல்கடந்து வந்ததாகவே இருக்க வேண்டும்.

இதே வழியில் ஒரு பழைய குழப்பமும் தீர்ந்தது. இந்தியத் துறைகளில் ரோமானிய ஆம்போரா என்று எண்ணப்பட்ட ஓடுகளில் ஒரு பகுதி, மெசபடோமியாவில் செய்த டார்பிடோ சாடிகள் என்று தொல்லியலாளர் ராபர்ட்டா டாம்பர் காட்டினார். அவற்றின் உட்பூச்சு பைன் பிசினில்லை, நிலத்தடிக் கீலான பிட்டுமன். களிமண்ணில் கலந்த மணலும் ஊரைச் சொல்லிவிடும்: வெசுவியஸ் பகுதிச் சாடிகளில் எரிமலைக் கருமணல் பளிச்சென்று தெரியும்.

உள்ளூர்த் திராட்சை இந்த வட்டாரத்துக்கு மிகப் பிந்தியே வந்தது. மதுரைக்கு மேற்கே தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் பன்னீர் திராட்சை, மஸ்கட் ஹாம்பர்க் என்ற ஐரோப்பிய வகை. 1832இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் அதைத் தமிழகத்துக்குக் கொண்டுவந்ததாகச் சொல்லப்படுகிறது. 2023இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. குளிர்நாட்டில் பனிக்காலம் வந்தால் திராட்சைக்கொடி இலையுதிர்த்து உறங்கும். கம்பத்தில் அந்த உறக்கம் கிடையாது. கவாத்து செய்யும் தேதியை மாற்றி மாற்றி ஆண்டு முழுவதும் பழம் பறிக்கலாம். பழமாக விற்பதே பெருவழக்கு. மதுவாக்குவதானால், வடிக்கும் முறை முழுவதும் இயந்திரக் குளிர்ச்சியை நம்பியது. துருப்பிடிக்காத எஃகுத் தொட்டியைச் சுற்றி இரட்டைச் சுவர், அதற்குள் குளிர்ந்த நீர்மத்தின் ஓட்டம்.

இயற்கை நிலவறை வேண்டுமென்றால் தோண்டுவதைவிட ஏறுவதுதான் வழி. ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரி வெப்பம் ஆறு, ஆறரை டிகிரி குறையும். அழகர்மலையில் அதனால் கிடைப்பது ஒன்றிரண்டு டிகிரிதான். 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலின் ஆண்டுச் சராசரி 15 டிகிரி அளவில் நிற்கிறது. அங்கே பாறையில் பத்து மீட்டர் குடைந்தால் மால்டோவாக் கிடங்குக்கு ஒரு டிகிரி மட்டுமே கூடுதல். கீழே கம்பத்தில் குளிர்நீர்மத்தின் ஓட்டம் நின்றுபோனால், பெரிய தொட்டியில் பொங்கி நொதிக்கும் சாறு ஓரிரு நாளில் 35 டிகிரியைத் தாண்டிவிடும்.